கங்காணி குடைக்கு ஒரு உருளைக்கிழங்கு

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலதான். புள்ளையக் கொண்டுபோய், வேலைக்குப் போறவங்க புள்ளைங்களப் பாத்துக்கிற புள்ளக்காம்பராவுல விட்டுட்டு வந்து தூங்கணும்.

தேயிலை ஸ்டோருல, அதான் ஃபேக்டரியில, எனக்கு ராத்திரி வேல. கொழுந்து அரைக்கிற ரோதை பக்கத்துல நின்னுட்டு விடிய வீட்டுக்கு வந்தா, கட்டையச் சாய்ச்சாப் போதும்னு இருக்கும்.

புள்ளைய விடுறது எப்பவும் என் சம்சாரம் சரசுதான். ஏழாம் நம்பர் மலைல கொழுந்து எடுக்குறவ அவ. எங்க மக ராணிக்கு நாலு வயசு. தொண்டைக்கு மட்டும் நாப்பது வயசு! புள்ளக்காம்பரா வாசல்ல எறக்கிவிட்டா ஆரம்பிச்சிருவா. அக்கரப்பத்தனையில அவ அழுதா ஹட்டன் ஸ்டேஷன்ல ரயிலு நிக்கும்.

மூணு நாளா இதே கதை. புள்ளக்காம்பராவப் பாத்துக்கிற மருதாயி ஆயம்மா ஆள் அனுப்ப, சரசு பாதி வேலைல மலைய விட்டு எறங்கி ஓடி வந்திருக்கா. மூணாம் நாளு முனியாண்டி கங்காணிக்குக் கோவம் வந்திருச்சு.

"இந்தா சரசு, நாளைக்கும் கொழுந்து நிறுவைக்கு முன்னாடி எறங்கினேன்னா பேர வெட்டிருவேன். சொல்லிட்டேன்!"

பேர வெட்டினா வேல போச்சு. எனக்குக் கேட்டதும் பயந்தான். ஆனா அதக் காட்டிக்கவா முடியும்?

காலைல சரசு கூடைய மாட்டிக்கிட்டே சொன்னா. "ஏங்க, இன்னைக்கு நீங்க கொண்டுபோய் விடுங்க. அவ அழாமப் பாத்துக்கிறது உங்க பொறுப்பு."

"இது ஒரு வேலையா? நீ தைரியமாப் போ"ன்னேன்.

எனக்கு எதிரி வெளியில யாரும் இல்லைங்க. இந்த வாய்தான்.

வாசல்ல எறக்கிவிட்டேன். ராணி ஆரம்பிச்சா. அவளப் பாத்து இன்னொண்ணு அழுதுச்சு. அதப் பாத்து இன்னும் நாலு. கொஞ்ச நேரத்துல இருவது புள்ளைங்களும் ஒரே குரல்ல! தொட்டில்ல தூங்குனது கூட முழிச்சுச் சேந்துக்கிச்சு.

"ராமையா தம்பி, நீ பெத்தது புள்ளையா ஸ்டோரு சங்கா?"ன்னு ஆயம்மா காதப் பொத்திக்கிட்டாங்க. "சரசுக்கு ஆள் அனுப்பட்டுமா?"

"ஐயையோ, வேணாம்! ஆள மட்டும் அனுப்பாதீங்க. அஞ்சு நிமிசம் குடுங்க."

அஞ்சு நிமிசத்துல என்ன செய்யிறது? அப்பதான் ஞாவகம் வந்துச்சு. ஹட்டன் கடையில பருப்பு மடிச்சுக் குடுத்த பேப்பர்ல ஒரு படம் பாத்திருந்தேன். பட்டாளத்துக்காரனுங்க வானத்துலருந்து குடை மாதிரி ஒண்ணப் புடிச்சுக்கிட்டு மெதுவா எறங்குறானுங்க. பாரசூட்டு!

வெல குடுத்து வாங்க வேண்டியது ஒண்ணுமில்ல. ஒரு துணி, நாலு நூலு, ஒரு கல்லு. சுருட்டி மேல வீசுனா விரிஞ்சு எறங்கும். புள்ளைங்க வாயப் பொளந்துரும்.

தோள்ல கெடந்த லேஞ்சித் துணிய எடுத்தேன். நாலு மூலையிலயும் நூலக் கட்டி, நடுவுல ஒரு கல்லத் தொங்கவிட்டேன்.

"இங்க பாருங்க எல்லாரும்! அப்பா ஒரு வித்தை காட்டப் போறேன்!"

வீசுனேன். மேல போச்சு. விரியல. போன வழியிலயே திரும்பி வந்து என் உச்சந்தலையில விழுந்துச்சு.

ராணி அழுகைய நிறுத்திட்டா! சிரிச்சா!

"இன்னொருக்கா!"

"இரு கண்ணு, அது வித்தை இல்ல."

"அதேதான் வேணும்!"

அதே மாதிரி இன்னும் ரெண்டு தடவ விழுந்தா நான் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். ஓடுனேன் வீட்டுக்கு. நாங்க இருக்குற லயம் பக்கத்துலதான். தேயிலைப் பெட்டிக்குள்ள போடுற மெல்லிசுத் தாளு கிழிஞ்சது கொஞ்சம் வச்சிருந்தேன். அதுல ஒண்ணு செஞ்சு கொண்டு வந்தேன். வீசுனேன். ஆடிக் காத்து ஒரே அறை. தாளு நாலு தெசையில போச்சு, கல்லு ஆயம்மா பால் காய்ச்சுற சட்டியில போச்சு.

ஆயம்மா என்னப் பாத்தாங்க. கரண்டியால கல்ல எடுத்து என் கையில வச்சாங்க. திட்டியிருந்தாக் கூடப் பரவால்ல.

ராணி மூக்க உறிஞ்ச ஆரம்பிச்சா. அது அடுத்த அழுகைக்கு முதல் மணி. மறுபடி வீட்டுக்கு ஓடுனேன்.

வீட்டு மூலையில அந்தக் குடை நின்னுச்சு.

என்னோடது இல்ல. முனியாண்டி கங்காணி குடை. ரெண்டு கம்பி ஒடிஞ்சிருச்சு, ஹட்டன் பக்கம் போனாச் சரி பண்ணிட்டு வாடான்னு ரெண்டு நாளைக்கு முன்னாடி குடுத்திருந்தாரு. அதுவரைக்கும் எரவல் குடை ஒண்ண வச்சு ஓட்டிக்கிட்டிருந்தாரு. அந்தக் குடை சும்மா மழைக்குப் புடிக்கிற குடை இல்லைங்க. எங்க மலைல அடிக்கிற காத்துக்குக் கூப்பாடு மேல ஏறாது. அதனால நிறுவை நேரம் வந்தா, கங்காணி நிறுவைக் கொட்டாய்க்குப் பக்கத்துல நின்னு அந்தக் கருப்புக் குடைய விரிச்சு ஒசரத் தூக்குவாரு. அதப் பாத்ததும் பொம்பளைங்க கூடையோட எறங்கி வந்துரணும்.

ஒருக்கா யாரோ, "இவ்வளவு சீக்கிரமாவா?"ன்னு கேட்டுட்டாங்க. கங்காணி குதிச்ச குதி இருக்கே! "குடை ஏறினா எறங்கணும்! கேள்வி கேக்கக் கூடாது!"ன்னு அன்னைக்கே சட்டம் போட்டுட்டாரு.

இதெல்லாம் எனக்குத் தெரியும். நல்லாவே தெரியும். ஆனா என் கண்ணுக்கு அப்ப அது குடையாவே தெரியலைங்க. வட்டமான துணி, மெல்லிசு, ஓரத்துல எட்டு முனை, நூல் கட்டத் தோதா! துணிய வெட்டவா போறேன்? கம்பியில தச்ச நூலப் பிரிச்சுக் கழட்டுவேன், கொஞ்ச நேரம் வெளையாட்டுக் காட்டுவேன், மறுபடி தச்சு வச்சிருவேன். யாருக்குத் தெரியப் போவுது?

எட்டு முனைக்கும் சாக்குத் தைக்கிற நூலக் கட்டுனேன். கல்லு வேணாம், யார் மண்டையிலயாவது விழும்னு, சரசு கறிக்கு எடுத்து வச்சிருந்த உருளைக்கிழங்குல பெருசா ஒண்ணத் தொங்கவிட்டேன். துணிக்கு நடுவுல குடைக் கம்பு போற ஓட்டை இருக்குல்ல, காத்து அது வழியா ஓடிருமேன்னு ஒரு கந்தைய வச்சு அடைச்சேன். எஞ்சினியரு!

வீசுனா குடிகாரன் மாதிரி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடி, நூலெல்லாம் சிக்கி, கவுந்து விழுந்துச்சு.

ஆயம்மா இடுப்புல ஒரு கைப்புள்ளையோட வந்து எட்டிப் பாத்தாங்க. "அந்த ஓட்டைய ஏன்டா அடைச்ச? அடுப்படியில பொகை போக ஓட்டை இல்லன்னா பொகை உள்ளயேதான் சுத்தும். எடு அந்தக் கந்தைய."

எடுத்துட்டு வீசுனேன். என்னத்தச் சொல்ல! மேல போய் 'படக்'னு விரிஞ்சு, ஒரு ஆட்டம் இல்லாம, மாப்பிள்ளை மாதிரி நிமிந்து எறங்குச்சுங்க! இருவது புள்ளைங்களும் கத்துன கத்துல கூரைத் தகரம் அதிர்ந்துச்சு. அழுகை இல்ல, சந்தோசம்! எனக்கும் அப்படியே மெதக்கிற மாதிரி இருந்துச்சு. நானும் சேந்து குதிச்சேன். ஆயம்மாவும் ஒரு தடவ வீசுனாங்க.

அதோட நிறுத்தியிருக்கலாம்.

ராணி சொன்னா, "அப்பா, சீக்கிரமா விழுந்துருது. மெதுவா விழணும்."

மக கேட்டா அப்பன் செய்யாம இருப்பானா? பெரிய கெழங்க அவுத்துட்டுச் சின்னக் கெழங்காக் கட்டுனேன். இருக்குற பலத்தையெல்லாம் சேத்து வீசுனேன்.

விரிஞ்சுச்சு. அந்த நேரம் பாத்து ஆடிக் காத்து கீழருந்து தூக்குச்சு. எறங்க வேண்டியது ஏறுது! புள்ளக்காம்பராக் கூரையத் தாண்டிப் போகுது. நான் கையத் தூக்கிக்கிட்டுப் பின்னாடி ஓடுறேன். எனக்குப் பின்னாடி ராணி. அவளுக்குப் பின்னாடி நடக்கத் தெரிஞ்ச புள்ளைங்க எல்லாம். கடைசியா ஆயம்மா, "கொலகாரப் பாவி!"ன்னு என்னையத் திட்டிக்கிட்டே.

நேரா போய் நிறுவைக் கொட்டாய்க்குப் பக்கத்துல நின்ன சவுக்கு மரத்து உச்சியில நூலு மாட்டிக்கிச்சு. காத்துக்கு நல்லா விரிஞ்சு, ஜம்முனு நின்னுச்சு. கருப்புக் குடை. கங்காணி தூக்குற அதே எடம்.

மலையப் பாத்தேன்.

வரிசை வரிசையா நின்ன தலைங்கல்ல ஒண்ணு திரும்புச்சு. அப்புறம் ஒண்ணு. அப்புறம் ஏழாம் நம்பர் மலையே எறங்க ஆரம்பிச்சிருச்சு!

நாப்பது பொம்பளைங்க. கூடையில கால்வாசி கூட இல்ல. சூரியன் மலைக்கு மேல இப்பதான் தலையக் காட்டுது. நடுவுல சரசு! நிறுவைக்கு முன்னாடி எறங்கினாப் பேரு வெட்டுன்னு கங்காணி எச்சரிச்ச அதே சரசு!

"போங்க! மேல போங்க! அது குடை இல்ல!"ன்னு கையக் கைய ஆட்டுறேன். அவங்க பதிலுக்குக் கையாட்டிக்கிட்டே வர்றாங்க.

கங்காணி அந்த நேரம் மலை மூலைக்கு அந்தாண்ட, தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுற ஆளுங்களப் பாக்கப் போயிருந்தாரு. திரும்பி வந்தா மலைல ஒரு ஆள் இல்ல. தலைப்பாக ஒரு பக்கம், அவரு ஒரு பக்கமா ஓடியாறாரு.

"எவ எறங்கச் சொன்னா உங்கள? எவன் சொன்னான்?"

பொம்பளைங்க ஒரே வரிசையா நின்னு மேல கையக் காட்டுனாங்க.

கங்காணி அண்ணாந்து பாத்தாரு. துணி ஓரத்துல வெள்ளை நூல்ல தச்ச ஒட்டு. அவரு சம்சாரம் போட்ட ஒட்டு. அடையாளம் தெரிஞ்சு போச்சு. மெதுவா என் பக்கம் திரும்புனாரு. அந்தப் பார்வைல நான் ரெண்டு ராத்தல் எளச்சிட்டேன்.

அந்த நேரம் பாத்தா தோட்டத்துப் பெரிய தொர கைத்தடிய ஊனிக்கிட்டு வரணும்!

"சலாமுங்க தொர"ன்னு எல்லாரும் குனிஞ்சோம்.

"என்னா கங்காணி? இப்போ என்னா நிறுவை? யாரு கூப்பிட்டது?"

கங்காணி வாயத் தொறந்தாரு. பதில் வரதுக்கு முன்னாடி மேலருந்து உருளைக்கிழங்கு அவுந்து வந்து தொர தொப்பியில 'டொக்'னு விழுந்துச்சு. பாரம் போனதும் துணி நூலோட நழுவி, ஆடி அசைஞ்சு எறங்கி, கங்காணிய அப்படியே தலையோட மூடிருச்சு.

தொர குனிஞ்சு கெழங்க எடுத்தாரு. மோந்து பாத்தாரு.

"இது யாரு குடை?"

என் குடைன்னு சொன்னா, நேரங்கெட்ட நேரத்துல நாப்பது பேரயும் கூப்பிட்டது அந்தக் குடைன்னு ஆவும். கங்காணி யோசிச்சாரு. துணிக்கு உள்ளருந்து மெதுவா ஒரு குரல் வந்துச்சு.

"தெரியலைங்க தொர."

"யாரு செஞ்சது?"

நான் ஆயம்மாவுக்குப் பின்னாடி ஒளிய எடம் பாத்தேன். ராணி ஓடிப்போய்த் தொரைக்கு முன்னாடி நின்னு, "எங்கப்பா செஞ்சாரு! எனக்கு!"ன்னு சத்தமாச் சொன்னா.

முடிஞ்சுது. சரசு பேரோட என் பேரும் சேத்து வெட்டுன்னு முடிவு பண்ணிட்டேன். நடந்ததச் சொன்னேன். குடை எங்க கெடைச்சுதுன்றத மட்டும் சொல்லல.

தொர கேட்டாரு. கங்காணி தலையிலருந்து துணிய எடுத்தாரு. கெழங்கத் திரும்ப அவரே கட்டுனாரு. கைத்தடியக் கங்காணி கையில குடுத்துட்டு, வீசுனாரு பாருங்க! புள்ளைங்க "ஹோ!"ன்னு கத்த, தொரையும் "ஹோ!"ன்னாரு. மூணு தடவ வீசுனாரு. நாலாவது தடவைக்கு ராணி விடல. "என்னோடது, குடு!"ன்னு புடுங்கிட்டா.

"இது இனிமே புள்ளக்காம்பராவுல இருக்கணும். கங்காணி, கேக்குதா?"

"கேக்குதுங்க தொர"ன்னாரு கங்காணி. வேற என்ன சொல்ல முடியும் பாவம்? நாப்பது பேரையும் வெட்ட முடியாது, சரசு ஒருத்திய மட்டும் வெட்டவும் முடியாது.

ராணி குடைய இழுத்துக்கிட்டு ஆயம்மாவோட போனா. எங்களத் திரும்பிக் கூடப் பாக்கல. அதுக்கப்புறம் அவ அழுதது சாயங்காலம் வீட்டுக்கு வரச் சொன்னப்பத்தான்.

கங்காணி என் காதுகிட்ட வந்தாரு. "உன் கல்யாணத்துக்கு வந்த குடை புதுசாத்தானடா இருக்கு?"

"ஆமாங்க ஐயா."

"இருட்டுறதுக்குள்ள அது என் வீட்டுக்கு வந்துரணும்."

சாயங்காலம் சரசு கூடைய எறக்கி வச்சுட்டு, தேத்தண்ணியக் குடிச்சுக்கிட்டே என்னைய மேலயும் கீழயும் பாத்தா.

"ஏங்க, அது கறிக்கு வச்சிருந்த கெழங்குதானே?"

"அவ்வளவு தூரத்துலருந்து கெழங்கு தெரிஞ்சுச்சா?"

"எல்லாருக்குந்தான் தெரிஞ்சுச்சு. கெழங்கு தொங்குற குடைய எந்தக் கங்காணி புடிப்பாரு?"

"அப்புறம் ஏன்டி நாப்பது பேரும் எறங்கி வந்தீங்க?"

சரசு கோப்பைய வச்சுட்டு வாயத் தொடச்சுக்கிட்டா.

"குடை ஏறுச்சு, எறங்கினோம். கேள்வி கேக்கக் கூடாதுல்ல?"