மாப்பிள்ளையின் நட்சத்திரக் கையெழுத்து

சின்னாளப்பட்டி,
12.6.1986

சென்னையில் உத்தியோகம் பார்க்கும் மருமகன் சிரஞ்சீவி கமலக்கண்ணனுக்கு, தாய்மாமன் பொன்னுச்சாமி ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு நான், உன் அத்தை பேச்சாயி, மகள் ஸ்ரீமதி, தறி எல்லோரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை இனிமேலாவது படிக்கிற மாதிரி எழுதவும்.

போன மாதம் உன் கடிதம் வந்தது. விஷயத்தைக் கையால் எழுதிவிட்டுக் கையெழுத்தை மட்டும் டைப் மெஷினில் அடித்தவன் உலகத்தில் நீ ஒருவன்தான். 'ஸ்ரீமதியைக் கட்டிக்கொள்ளச் சம்மதம், நிச்சயச் சேலை உங்கள் இஷ்டம், இப்படிக்கு' என்று மூன்று வரி. அதற்குக் கீழே அரைப் பக்கத்துக்கு நட்சத்திரமாக அடித்து வைத்திருந்தாய். சுற்றிலும் கொடி, மூலைக்கொரு மயில், நடுவில் நெருக்கமாக என்னவோ. தலைகீழாகப் பிடித்தேன், வெயிலில் காட்டினேன், பெயரைக் காணோம். எனக்கு இங்கிலீஷும் தெரியாது. உன் அத்தைதான், "ஏங்க, இது கையெழுத்து இல்ல. மாப்பிள்ள சேலைக்குக் கரை போட்டு அனுப்பிருக்காரு. கட்டம் கட்டமா அம்புட்டு சுத்தமா இருக்குல்ல" என்றாள். முப்பது வருஷமாகக் கட்டத்தாளைப் பார்த்து நெய்கிறவனுக்கு அது நியாயமாகவே பட்டது. நட்சத்திரம் இருந்தால் நூலைத் தூக்கு, இல்லாவிட்டால் விடு. டிசைன் அட்டை அடித்துத் தறியில் ஏற்றிப் பதினோரு நாள் நெய்தேன். ஒரு நட்சத்திரம் தவறவில்லை.

நேற்று சேலை பார்க்க எரியோட்டுச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். கூட வந்த அருள்நாதன் வாத்தியார் கரையை எட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்ன பொன்னுச்சாமி, மாப்பிள்ள ஆபீசர்னீக. இதுல 'கமலக்கண்ணன், டெம்பரரி டைப்பிஸ்ட்'னு இங்கிலீஷ்ல போட்டிருக்கே" என்றார். அதோடு விட்டாரா, "இங்கனயும் அதான் இருக்கு" என்று முந்தானை வரைக்கும் படித்துக்கொண்டே போனார். காகிதத்தில் ஒருவருக்கும் விளங்காததை அரக்குக் கரையில் மஞ்சள் நூலால் பெரிதாக்கி, ஊரே படிக்கும்படி செய்து கொடுத்த பெருமை எனக்கு. வந்தவர்கள் காப்பியைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை. என்னால் வெளியில் தலைகாட்ட முடியவில்லை.

ஆகையால் நிச்சயம் கிடையாது. வேறு யாருக்காவது மாப்பிள்ளையாகும்போது எழுத்துக்கு எழுத்து ஒரு விரல் இடம் விட்டு அடி. மயில்களை அவிழ்த்து விடு, பாவம். நட்சத்திரத்தைக் குறை, வானத்துக்கும் கொஞ்சம் வேண்டும். அதுவும் முடியாதென்றால் கீழே பேனாவால் பெயரை ஒரு தரம் எழுது. என் அக்கா வைத்த நல்ல பெயர்தானே. அக்காவிடம் நான் கோபமாக இருப்பதாகச் சொல். வேளைக்குச் சாப்பிடுகிறேன் என்றும் சொல்.

இப்படிக்கு,
பேனாவால் எழுதும் மாமன்,
பொன்னுச்சாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது ஸ்ரீமதி வாங்கிப் படித்தாள். அப்துல் வாஹித் இன்ஸ்டிடியூட்டில் ஆறு மாதமாக டைப்பிங் படிக்கிறவள் அல்லவா, உன் நட்சத்திரத்தை வந்த அன்றைக்கே படித்துவிட்டாளாம். "பெறகு ஏன் தாயி சொல்லல?" என்றேன். "அவுக எதையும் மறைக்கலியேப்பா. வேலையப் போட்டுத்தான அனுப்பினாக. ஆபீசர்னு ஊரெல்லாம் சொன்னது நீங்கதான். அன்னைக்கே சொல்லிருந்தா நிச்சயத்த நிறுத்திருப்பீக. தறியில ஏறிட்டா நிறுத்தமாட்டீகன்னு இருந்துட்டேன்" என்றாள். இப்போது அந்தச் சேலையைத்தான் கட்டிக்கொண்டு என் முன்னால் நிற்கிறாள். உன் பெயர் நெய்த சேலையோடு அவளை நான் வேறு எவன் வீட்டுக்கு அனுப்புவது? ஆனி பத்தாம் தேதி காலை நிச்சயம், வந்து சேர். 'டெம்பரரி' வருகிற இடங்களை மட்டும் உன் அத்தை கொசுவத்துக்குள்ளும் மடிப்புக்குள்ளும் வைத்துக் கட்டிவிடுகிறாளாம்.