குறிஞ்சிப்பிட்டிக் கலியாணங்களை ஒன்றாக்கிய கொன்வேட் நானா

ஹஸ்னா, ரிஸ்மி, சின்னவனே, அந்தப் போனைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு இதை வாசியுங்கள். குறிஞ்சிப்பிட்டியில் நடந்த கலியாணங்களையெல்லாம் ஒரே கலியாணமாக நடத்தி முடித்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். பள்ளி லெப்பைகூட ஒரு நேரத்தில் ஒரு நிக்காஹ்தான் முடித்து வைப்பார். கொன்வேட் நானா ஒரு பெருநாள் காலையில் ஊரையே மொத்தமாகக் கட்டி வைத்துவிட்டார்.

உங்கள் வாப்பா வெங்காயத் தோட்டக்காரன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்தில் பிழை கண்டால் திருத்திக்கொள்ளுங்கள், சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

அவருடைய உண்மையான பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் எல்லாரும் உடுத்த உடுப்போடு எங்கள் பக்கம் வந்தபோது, அவரும் சின்னப் பிள்ளையாக வந்தவர். யுத்தம் முடிந்த கையோடு சந்தியில் ஒரு வீடியோக் கடை போட்டார். கலியாணம் இருந்தால் கமராவைத் தூக்கிக்கொண்டு போவார். இல்லாவிட்டால் கம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து கொன்வேட் பண்ணுவார். அதாவது, ஒரு வகை வீடியோவை இன்னொரு வகையாக மாற்றுவார். அவருடைய மனைவியே வாசலில் நின்று, "கொன்வேட் உள்ளுக்கு கொன்வேட் பண்ணிக்கிட்டு இரிக்கார், பொறகு வாங்க" என்றுதான் சொல்லுவா.

இன்றைக்கு எல்லாம் உங்கள் போனிலேயே ஓடுகிறது. அன்றைக்கு அப்படியில்லை. கமராவில் எடுத்தது ஒரு வகை, சீடியில் இருப்பது ஒரு வகை, கட்டாரிலிருந்து வந்த போனில் எடுத்தது இன்னொரு வகை. ஒன்றில் ஓடுவது மற்றதில் ஓடாது. எனக்கு இது விளங்கவேயில்லை. கொன்வேட் நானாதான் விளக்கினார்.

"மச்சான், பள்ளியில தொழ நிக்கிறம்தானே? முதலாளியும் நிக்கிறார், கூலிக்காரனும் நிக்கிறான். எல்லாருக்கும் ஒரே சஃப், ஒரே வரிசை. என்ட வேலையும் அதுதான். வாற வீடியோ எந்தப் பெரிய வீட்டுப் புள்ளையா இருந்தாலும் சரி, கொண்டு வந்து ஒரே சஃப்புல நிப்பாட்டிருவன்."

விளங்கிவிட்டது. அந்த விளக்கத்தைக் கேட்ட பிறகு கடைக்குள் செருப்போடு போகவும் எனக்குக் கூச்சமாக இருந்தது.

வேலை என்று வந்தால் அவருக்குத் தன்னையே மறந்து போகும். தன்னுடைய கலியாணத்தை வேறு யாரும் ஒழுங்காக எடுக்க மாட்டார்கள் என்று கமராவைத் தானே பிடித்துக்கொண்டார். இன்றைக்கும் அந்த வீடியோவைப் பார்த்தால் மணப்பெண் மாப்பிள்ளை உட்காரப் போட்ட வெறும் கதிரைக்குப் பக்கத்தில் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்கிறா. மாப்பிள்ளையின் குரல் மட்டும் கேட்கிறது: "கொஞ்சம் சிரிங்க புள்ள, சிரிங்க."

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. கொன்வேட் பண்ணுகிற திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள் வரும். வேண்டியதில் மாத்திரம் சரி அடையாளம் போட வேண்டும். நானா எல்லாவற்றிலும் போடுவார். "ஏன் நானா, இதெல்லாம் என்னத்துக்கு?" என்று கேட்டால், "கொம்பனிக்காரன் சும்மா தாறான் மச்சான். சகன் தட்டுல வெச்ச இறைச்சிய யாராச்சும் மிச்சம் வெப்பாங்களா?" என்பார்.

இப்படிச் சரி போட்டதில்தான் ஹாஜியாருடைய மகனின் கலியாண வீடியோ இடம் வலமாகப் புரண்டு போனது. ஹாஜியார் விருந்தாளிகளை உட்கார வைத்துப் போட்டுப் பார்த்திருக்கிறார். சகனைச் சுற்றி உட்கார்ந்த அத்தனை பேரும், மௌலவி உட்பட, இடது கையால் சாப்பிடுகிறார்கள்! ஹாஜியார் கடைக்கு வந்த வேகத்தில் தொப்பி ஒரு பக்கம், சால்வை ஒரு பக்கம்.

"டேய் கொன்வேட்! என்ட மகன்ட கலியாணத்துல ஊரே இடக் கையால திண்டிரிக்கி! நாளைக்கி சம்பந்தி வீட்டார் பாத்தா என்ன சொல்லுவாங்க?"

நானா பதறவில்லை. ஆறுதலாக யோசித்தார்.

"ஹாஜியார், ஊட்டுல பெரிய முகக் கண்ணாடி இரிக்கிதானே? டிவிய அதுக்கு முன்னால வைங்க. டிவியப் பாக்காம கண்ணாடியப் பாருங்க. எல்லாரும் வலக் கையால திம்பாங்க."

ஹாஜியார் ஏசிக்கொண்டே போனார். ஆனால் அந்த வாரம் அவர் வீட்டுக்கு யூரியா கேட்கப் போன நான் என் கண்ணால் கண்டேன்: வீட்டார் எல்லாரும் டிவிக்கு முதுகைக் காட்டி, அலுமாரிக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்தது கழுதை. நம்முடைய பக்கத்துக் கழுதைகளைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு மழை நாள், கொன்வேட் முடிகிற தறுவாயில் ஒரு கழுதை கடைக்குள் ஒதுங்கியது. காலில் வயர் சிக்கியது. கம்பியூட்டர் அணைந்தது. இரண்டு நாள் வேலை போய்விட்டது. நானா அதை அடிக்கவில்லை. அதன் முகத்துக்கு நேராக நின்று, "ஏன் வாப்பா, கலியாணத்துக்கு சொல்லல்லண்டு கோவமா?" என்று கேட்டார். பிறகு ஒரு பலகையில் எழுதித் தொங்கவிட்டார்: "கொன்வேட் நடக்கிறது. கழுதைகள் உள்ளே வரக் கூடாது." அதை வாசித்த மனிதர்கள் வெளியிலேயே நின்றுவிட்டார்கள். வாசிக்கத் தெரியாத கழுதை மட்டும் மறுநாளும் வந்தது.

அவருக்குக் கழுதையைவிடக் கரண்ட் வெட்டோடுதான் கோபம். கடற்கரையில் நிற்கிற பெரிய காற்றாடிகளைக் கை காட்டுவார். "பாருங்க மச்சான். எங்கட காத்து, எங்கட கடக்கர. கரண்ட் மட்டும் கொழும்புக்கு!"

இனி நம்முடைய வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

அந்த வருடம் ஊருக்குள் புது டிவிகள் வந்தன. பின்னால் பென் டிரைவ் குத்துகிற ஓட்டை இருக்கும். நாங்களும் வெங்காயம் நல்ல விலை போன சந்தோசத்தில் ஒன்று எடுத்தோம். ஆனால் அந்த டிவி ஒரே ஒரு வகை வீடியோவைத்தான் ஏற்றுக்கொள்ளும். வேறு எதைப் போட்டாலும் கறுப்பாகி நிற்கும்.

உங்கள் உம்மா அந்த டிவியைப் பார்த்த நாளிலிருந்து ஒன்றையே கேட்டா. அவவுடைய வாப்பா, உங்களுக்கு அப்பா முறைப் பாட்டனார், மௌத்தாகி அடக்கி அப்போது மூன்று வருடம் இருக்கும். உப்பளத்தில் வேலை செய்த மனிதர். கமராவைக் கண்டால் ஆமை தலையை இழுப்பது போலப் போய்விடுவார். அவருடைய படம் என்று இருந்தது அடையாள அட்டையில் மட்டும். அதிலும் பல் பிடுங்க உட்கார்ந்தவர் போல இருப்பார். எங்கள் நிக்காஹ்வில் என் கையைப் பிடித்து வார்த்தை சொன்ன நேரம் மாத்திரம் அவரால் ஓட முடியவில்லை. அதைக் கொன்வேட் நானாதான் எடுத்தார். அந்தச் சீடிதான் அலுமாரியில் கிடந்தது.

"புள்ளைகள் அந்த மனுசன் நடமாடுறத ஒருக்காவாச்சும் பாக்கணும்" என்றா உம்மா. "ஹஸ்னாக்கி அவர்ட முகமே தெரியா."

நான் சீடியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். விசயத்தைக் கேட்டதும் நானா சீடியைத் தன் சட்டையில் துடைத்தார். "எனக்கும் மன்னார்ல எங்கட வாப்பாட படம் ஒண்டு இரிந்திச்சி மச்சான்" என்றார். உம்மாவை அவர் அக்கா முறை வைத்து ராத்தா என்பார். "ராத்தாட்ட சொல்லுங்க, உங்கடதான் முதல்ல."

பெருநாளுக்கு முன்னால் ஊரில் பாதிப் பேர் தங்கள் கலியாணங்களைக் கொண்டுவந்து குவித்திருந்தார்கள். நானா எல்லாவற்றையும் ஒரே அடியாகப் போட்டார். வரிசையில் முதலாவதாக எங்களுடையது. கம்பியூட்டர் சூடேறி வெடித்துவிடும் என்று பயந்து, அதன் பக்கத் தகட்டைக் கழற்றி, மேசைக் காற்றாடியை வைத்து, ஈரச் சாக்கும் தொங்கவிட்டார். கடைக்கு முன்னால் யாரும் சைக்கிள் மணி அடிக்கக் கூடாது. உரக்க ஸலாம் சொன்னவருக்கும் கையால்தான் பதில்.

பெருநாளைக்கு முந்திய நாள் ஒவ்வொரு வீட்டுக்கும் பென் டிரைவ் வந்தது.

பெருநாள் தொழுதுவிட்டு வந்து, வட்டிலப்பம் சாப்பிட்டுவிட்டு, ஊர் முழுக்க டிவியைப் போட்டது. எங்கள் வீட்டிலும் போட்டோம். உம்மா புதுச் சேலையோடு முன்னால் உட்கார்ந்தா.

பச்சைப் பெட்டிகள். திரை நிறையப் பச்சைப் பெட்டிகள். உப்புக் காற்று சீடியைத் தின்றிருக்கிறது. சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது, கொன்வேட் நானாவின் குரல்:

"மாப்புள, ஏன் சண்டைக்கிப் போற மாதிரி இரிக்கிறீங்க? கொஞ்சம் சிரிங்களேன். இன்னும் கொஞ்சம்!"

கலியாணத்தன்று எனக்கு இருந்த பதற்றத்தில் நான் சிரிக்கவேயில்லை. அதே குரல் பக்கத்து வீட்டிலிருந்தும் கேட்டது. எதிர் வீட்டிலிருந்தும் கேட்டது. தெரு முழுக்க, "மாப்புள, சிரிங்களேன்!" ஆமாம் பிள்ளைகளே, நானா வழக்கம் போல எல்லாக் கட்டத்திலும் சரி போட்டிருக்கிறார். அதில் ஒன்று, எல்லா வீடியோவையும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே வீடியோவாக்குகிற கட்டம். ஊருக்கே ஒரே கலியாணம். அதுவும் என்னுடையதில் தொடங்குகிறது!

தங்கள் கலியாணம் வரட்டும் என்று ரிமோட்டை முன்னுக்கு அழுத்தினால் டிவி திரும்பவும் என் பச்சைப் பெட்டிக்கே வந்து நின்றது. வேறு வழியில்லை. எல்லாரும் எல்லாருடைய கலியாணத்தையும் பார்க்கத்தான் வேண்டும்.

உம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டா. நான் ரிஸ்மியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றேன். நானா ஒவ்வொரு வீட்டாரிடமும் ஏச்சு வாங்கிக்கொண்டு எங்கள் படலைக்கு வந்தார். நான் விசயத்தைச் சொன்னதும் அந்த மனிதர் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். "ராத்தாட முகத்துல நான் எப்புடி முழிக்கிற?" என்றார்.

அந்த நேரம்தான் பக்கத்து வீட்டு மைமூனா மாமி முக்காடு பறக்க ஓடி வந்தா.

"புள்ளே! உன்ட வாப்பா எங்கட டிவியில தண்ணி ஊத்துறாருடீ!"

நாங்கள் எல்லாரும் ஓடினோம். மாமியுடைய மகளின் கலியாணம் ஓடிக்கொண்டிருந்தது. சகனுக்கு உட்காருகிறவர்களின் கைக்குக் கெண்டியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, சாரத்தை மடித்துக் கட்டியபடி, உங்கள் அப்பா! கமரா சாப்பிடுகிறவர்களைத்தான் பார்க்கிறது. அவர் கமராவைப் பார்க்கவேயில்லை. அடுத்த கலியாணம் வந்தது. அதிலும் அவர். அதற்கடுத்தது யாரோ பழைய கசெட்டில் வைத்திருந்த கலியாணம்; அதில் தாடி கறுப்பாக, இளந்தாரியாக, அதே கெண்டியோடு. ஊரில் எந்த வீட்டில் கலியாணம் என்றாலும் கை கழுவத் தண்ணீர் ஊற்றுவது அவருடைய வேலை என்று எடுத்துக்கொண்டவர். அது ஊருக்கே தெரியும். ஆனால் அவரவர் கலியாணத்தில் அவரவர் தங்களைத்தானே பார்த்தார்கள்? எல்லாக் கலியாணமும் ஒரே சஃப்பில் நின்ற பிறகுதான் அந்த மனிதர் கண்ணில் பட்டார்.

ஒரு கலியாணத்தில் ஒரு சின்னப் பையனின் முகத்தில் வேண்டுமென்றே தண்ணீரைத் தெளித்துவிட்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"அது யாரு உம்மா?" என்று நீ கேட்டாய், ஹஸ்னா. உனக்கு நாலு வயது.

"அதுதான்டா அப்பா" என்றா உம்மா.

நீ எழும்பி டிவிக்குக் கிட்டப் போனாய். அவருடைய கெண்டிக்குக் கீழே உன் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றாய். உம்மா அழுதுகொண்டே சிரித்தா. மைமூனா மாமி சிரித்துக்கொண்டே அழுதா. நானா மட்டும் வாசலுக்கு வெளியே போய், கழுதையைத் துரத்துகிற சாட்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

பின்னேரம் நானா வந்து, "எல்லாத்தையும் பிரிச்சுத் தாறன்" என்றார். ஹாஜியார்தான் முதலில் கை உயர்த்தினார்.

"பிரிக்க வேணாம். அப்புடியே இரிக்கட்டும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்த முற வலக் கைதானே?" என்று கேட்டார்.

அடுத்த வருடமே கொன்வேட் நானா குடும்பத்தோடு மன்னாருக்குத் திரும்பிப் போய்விட்டார். போகும் நாள் வரைக்கும் எங்கள் சீடியோடு மல்லுக்கட்டினார். பச்சைப் பெட்டிகள் கடைசி வரைக்கும் சஃப்புக்கு வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை நீங்கள் ஓதப் போயிருந்தீர்கள். உம்மா மாமி வீட்டில். நான் அந்தப் பென் டிரைவை எடுத்துக் குத்தினேன். பச்சைப் பெட்டிகள் வந்தன. "மாப்புள, கொஞ்சம் சிரிங்களேன்" என்றார் நானா.

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, சிரித்தேன்.

"இன்னும் கொஞ்சம்" என்றார்.

இன்னும் கொஞ்சம் சிரித்தேன்.