பாலேந்திரனின் மின்சார டிக்கி

மனித குலத்தின் போக்குவரத்து வரலாற்றை மாட்டுவண்டிக் காலம், மோட்டார்க் காலம், பாலேந்திரனின் டிக்கிக் காலம் என்று மூன்றாகப் பிரிக்கலாம். மூன்றாவது காலம் சென்ற வைகாசியில், ஒஸ்லோவின் புருசெத் மைதானத்து ஓரத்தில் உதயமானது.

அமெரிக்காவில் ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் காரின் டிக்கியைத் திறந்து வைத்து, அங்கேயே சமைத்து, ஊரையே கூப்பிட்டுச் சாப்பிடுவதை அவர் கைபேசியில் பார்த்தார். நெஞ்சு விம்மியது. ஆறு வருடமாக மகள் வர்சாவின் உதைபந்தாட்டங்களுக்குப் போகிறார். நோர்வேப் பெற்றோர் ஆளுக்கொரு சுடுதண்ணிப் போத்தலைத் திறந்து, ஆளுக்கொரு திசையைப் பார்த்துக் கோப்பி குடிப்பார்கள். இவரோடு நெருங்கிப் பழகியது கம்பிவேலி ஒன்றுதான்.

உடனே குடும்பப் பொதுக்கூட்டம் கூடியது.

"டிக்கிக்குள்ளை பிளக் வைச்ச மின்சார வான் ஒண்டு வாங்கவேணும்," என்றார் தலைவர்.

"இருக்கிற கார் என்ன, ஓடமாட்டன் எண்டு அடம்பிடிச்சதே?" என்றார் மனைவி செல்வமலர்.

"அது ஓடும். ஆனால் விருந்தோம்பாது."

ஆதரவு ஒன்று, எதிர்ப்பு இரண்டு. தீர்மானம் ‘ஏகமனதாக’ நிறைவேறியது.

"முழுச் சார்ஜில் நானூறு கிலோமீற்றர் போகும்," என்றான் விற்பனையாளன்.

"எத்தனை ரோல்ஸ் பொரியும்?"

அவன் கையேட்டைப் புரட்டிப் பார்த்தான். அந்த அத்தியாயத்தை அச்சிட மறந்திருந்தார்கள்.

சுற்றுப்போட்டி நாள் வந்தது. காலை ஆட்டம் புருசெத்தில். வென்றால் மூன்று மணிக்கு லோறென்ஸ்கூக்கில் இறுதி ஆட்டம். கோல்காப்பாளரான வர்சாவையும் பின்வரிசைப் பிள்ளைகள் மூவரையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பைப் பாலேந்திரன் எழுத்து மூலம் ஏற்றிருந்தார். முந்தின நாள் முழுக்க வானைச் சொந்தக்காரர் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் காட்டியதில் மின்கலத்தில் கால்வாசிதான் மிச்சம். இரவு சார்ஜ் போடாதது ஒரு சிறிய நிர்வாகத் தாமதம்.

டிக்கி திறந்தது. எண்ணெய்ச்சட்டி கொதித்தது. தொடர்மாடிகளிலிருந்து தமிழ்ச் சனம் வாசம் பிடித்து நடந்தே வந்தது. ஆறு வருடமாகத் தலையை மட்டும் அசைத்த ஒரு நோர்வே அம்மா, தன் பாண்துண்டைக் கடதாசியில் திரும்பச் சுற்றி வைத்துவிட்டு, இரண்டு ரோல்ஸ் தின்று, கண்ணீரைத் துடைத்தபடி, "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டார். பாலேந்திரனுக்கும் கண் கலங்கியது. அவருக்கு உறைப்புக் காரணமல்ல.

இடையிடையே வான் ‘டிங்’ என்று எச்சரித்தது. மின்கலம் இறங்குகிறது, தொடரவா என்று கேட்டது. ஒவ்வொரு முறையும் பாலேந்திரன் எண்ணெய் விரலால் ‘தொடர்க’ என்பதை அமத்தினார்.

அணி வென்றது. கைதட்டலைக் கேட்டுத்தான் அவருக்கும் தெரிந்தது. மத்தியானம் கடந்தும் எண்ணெய்ச்சட்டி இறங்கவில்லை.

"அப்பா, வெளிக்கிடுவம்! இரண்டரை ஆச்சு!"

"ஓம் பிள்ளை, சின்னராசா மாமாவுக்கு இன்னும் ஒரு ரோல்ஸ் மட்டும்."

இரண்டே முக்காலுக்கு டிக்கி மூடப்பட்டது. லோறென்ஸ்கூக் ஏழு கிலோமீற்றர். வானின் திரை, இன்னும் ஓடக்கூடியது ‘இரண்டு’ என்றது. மற்றப் பெற்றோர் எல்லாரும் எப்போதோ போய்விட்டார்கள். மிஞ்சி நின்ற முப்பது விருந்தினரும் நடந்து வந்தவர்கள்.

"தள்ளிவிடட்டே, அண்ணை?" என்று வாயில் ரோல்ஸோடு அன்பாகக் கேட்டார் சின்னராசா.

நான்கு பிள்ளைகளும் பைகளைத் தூக்கிக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்கு ஓடினார்கள்.

இறுதி ஆட்டம் காவலின்றித் தொடங்கியது. வர்சா போய்ச் சேருமுன் மூன்று கோல் விழுந்துவிட்டன. பிறகு அவள் ஒன்றுகூட விடவில்லை. ஒரு தண்டனை உதையைக்கூடப் பாய்ந்து பிடித்தாளாம். மூன்றுக்கு இரண்டு, தோல்வி. அந்நேரம் பாலேந்திரன், இழுவை வண்டி வரும்வரை, தன் வெற்றிகரமான விழாவின் கடதாசித் தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

இரவு வர்சா குசினிக்குள் நின்று, ஆறிப்போன ரோல்ஸ் ஒன்றைக் கடித்தாள்.

"நல்லாய்த்தான் இருக்கு, அப்பா."

பாலேந்திரன் நிமிர்ந்து பார்த்தார். "உனக்காகத்தானே பிள்ளை இவ்வளவும் செய்தனான்."

"தெரியும். அடுத்தமுறை வெறுங்கையோடை பஸ்ஸிலை வாங்கோ. நான் விளையாடுறதையும் ஒருக்கால் பாக்கலாம்."