பெரிய நத்தையும் மிக்தாலியாவின் தெம்பிளேக்கேயும்

ஐபோனித்தோ,
சந்தியாகப்பர் திருவிழா முடிந்த சனிக்கிழமை.

ஒர்லாண்டோவில் வசிக்கும் மருமகன் அப்தியேலுக்கு மாமா காசிமிரோ எழுதிக்கொள்வது.

கடிதம் என்றால் முதலில் நலத்தைச் சொல்ல வேண்டும். நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தனாக இருந்த காலமெல்லாம் ஊரார் சொன்ன பொய்களை ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதி வைத்தவன் நான். அந்தப் பழக்கத்தில் என் பொய்யையும் ஒன்று எழுதி வைக்கிறேன்: இங்கே அனைவரும் நலம். உன் அத்தை மிக்தாலியாவின் முழங்காலும் நலம். மழை போதுமான அளவு பெய்கிறது. மின்சாரம் வழக்கம்போல் தன் விருப்பப்படி வந்து போகிறது.

நீ அனுப்பிய பார்சல் கிடைத்தது. உள்ளே இருந்த துண்டுச் சீட்டில் "மாமா, போட்டுப் பாருங்க, பறக்கும்" என்று மட்டும் எழுதியிருந்தாய். "ஆசி, மாமா" என்ற சொல் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. இந்தத் தீவில் ஜாமீனில் வெளியே வந்தவன்கூட மாமாவைக் கண்டால் முதலில் ஆசி கேட்டுவிட்டுத்தான் போலீஸ்காரனைத் திட்டத் தொடங்குவான். அங்கே குடியேறியதும் உனக்கு அது மறந்துவிட்டது. ஆகவே, "கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்" என்று நான் பதிலுக்குச் சொல்ல வேண்டிய வாக்கியத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பார்சலில் இருந்த பொருளின் எடை ஒரு குழந்தையின் எடை. வார்ப்பிரும்பு.

பிரித்ததுமே உன் அத்தை அதைப் பூச்சாடி என்றாள். நான்தான் திருத்தினேன். டர்போவின் எக்ஸாஸ்ட் ஹவுசிங் அது, எஞ்சின் விடும் புகை சுழன்று புகுந்து உள்ளே இருக்கும் சக்கரத்தைத் திருப்பி, எஞ்சினுக்குக் கூடுதல் காற்றை ஊத வைக்கிற கூடு, பட்டறையில் எல்லோரும் அதை நத்தை என்பார்கள் என்று விளக்கினேன். "நத்தையைப் போட்டா வண்டி வேகமாப் போகுமா?" என்று கேட்டாள். அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல் நம் பழைய கொரோலாவைச் சேயோவின் பட்டறைக்கு ஓட்டிப் போனேன். பட்டறை எங்கே என்று உனக்குத் தெரியும். கோயில் ஏற்றத்தின் நடுவில், நின்று போகச் சொல்லும் சிவப்புப் பலகைக்கு நேர் எதிரே. அதன் வாசலில் மோன்சோவும் கூட்டாளிகளும் டோமினோ ஆடுகிறார்கள். ஊரில் எந்த வண்டி நின்றாலும் அவர்கள் முன்னால்தான் நின்றாக வேண்டும். ஊர்க்குழுவே இவ்வளவு நல்ல இடத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

சேயோ நத்தையின் மேல் பொறித்திருந்த எண்ணைக் கட்டைவிரலால் தடவினான். "ஐயா, இது எண்பத்திரண்டு. உங்க வண்டியில இருக்கறது வெறும் நாப்பத்தெட்டு. அது கைக்குழந்தை மூக்கு மாதிரி. இது காளை மூக்கு."

"எது நல்லது?"

"இதென்ன கேள்வி? நம்பர் பெருசா இருக்கறதுதான். சலினாஸ்ல ஞாயித்துக்கிழமை ரேஸ் ஓட்டறவன் எல்லாம் இதுக்காகத் தவம் கெடக்கான்."

"இவரு எப்பய்யா சலினாஸ் ரேஸுக்குப் போனாரு?" என்றான் மோன்சோ, கையிலிருந்த கட்டைகளிலிருந்து கண்ணை எடுக்காமல். "கோயிலு, பேக்கரி, மருந்துக் கடை. அதுக்கு மேல வண்டிக்கே வழி தெரியாது."

"போகலை, சரி. ஒரு நாள் போனாருன்னா?" என்றான் சேயோ.

அந்தக் கேள்விக்கு இந்த ஊரில் பதில் கிடையாது. இங்கே ஒவ்வொரு வண்டியும் என்றோ ஒரு நாள் ஓடப்போகும் பந்தயத்துக்காகத்தான் பூட்டப்படுகிறது, அதுவரை ரொட்டி வாங்கப் போய்வருகிறது. நானும் இந்த ஊர்க்காரன்தானே. போடச் சொன்னேன். கழற்றிய சின்ன நத்தையை மோன்சோ டோமினோ மேசையில் வைத்துச் சிகரெட் சாம்பலைத் தட்டினான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் பிறகு கோயிலில் விருந்து. உன் அத்தை தெம்பிளேக்கே செய்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் தெம்பிளேக்கேயை நீ அறிவாய். தேங்காய்ப்பாலைக் காய்ச்சி உறைய வைத்து, மேலே பட்டைத் தூள் தூவிய இனிப்பு; பக்கத்தில் யாராவது தும்மினால்கூட அந்தத் தும்மலைத் திருப்பிச் சொல்வதுபோல் ஆடும். நான் சிவப்புப் பலகையில் முறைப்படி நின்றேன். பிறகு மிதித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் மிதித்தேன். வண்டி நீதிமன்ற குமாஸ்தாவைப் போல "பார்க்கிறோம், பார்க்கிறோம்" என்று முனகிற்று. பின்னால் ஹார்ன் அடிக்கிறார்கள், வாசலிலிருந்து மோன்சோ "இறங்கித் தள்ளட்டுமா அண்ணே?" என்கிறான், நான் மானம் போகிறதே என்று தரையோடு தரையாக அழுத்திப் பிடிக்க, அந்தக் காளை மூக்கு அப்போதுதான் போதுமான புகையை முகர்ந்து விழித்து, விழித்தது மட்டுமா, இத்தனை நேரம் தூங்கியதற்கும் சேர்த்து ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து, வண்டி மீதி ஏற்றத்தை ஏறி, கோயில் முகப்பில் பாதிரியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதித்து ஒதுங்க, நான் பிரேக்கில் ஏறி நின்றேன். வண்டி நின்றது, தெம்பிளேக்கே நிற்கவில்லை. முன்கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டு அங்கே அமைதியாக ஆடிற்று.

"கிழவா," என்றாள் உன் அத்தை, மூக்கிலிருந்து பட்டைத் தூளைத் துடைத்தபடி. "இது என்னது?"

"இதுக்குப் பேரு லேக், மிக்தாலியா. மிதிக்கறதுக்கும் டர்போ காத்து வர்றதுக்கும் நடுவுல கொஞ்சம் நேரம் ஆகும்."

"அந்தக் கொஞ்ச நேரத்துல நான் விதவை ஆகியிருப்பேன்."

இதோடு விட்டிருக்கலாம். புதன்கிழமை நீதிபதி தெலஸ்ஃபோரோ காலமானார். நான் அவர் நீதிமன்றத்தில் எழுதியவன், போகாமல் இருக்க முடியாது. இறுதி ஊர்வலத்தில் சவ வண்டிக்கு நேர் பின்னால் எனக்கு மரியாதையாக இடம் கொடுத்தார்கள். அந்த வேகத்தில் இந்தப் பெரிய நத்தை உறங்கும், கல்லறை ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளும் என்று எனக்குத் தெரியும். ஆகவே முன்யோசனையாக எஞ்சினைச் சற்று உறும விட்டுக் கிளட்சைப் பாதி பிடித்தபடியே போனேன். ஏற்றத்தின் அடியில் டர்போ விழித்துக்கொண்டது. மருமகனே, நான் இறந்தவரை முந்திவிட்டேன். தன் நீதிமன்றத்தில் யாரையும் தன் வாக்கியத்துக்கு முன்னால் பேச விடாத மனிதர் அவர். கல்லறை வாசலில் நான் மட்டும் முதலில் போய் நின்றதைப் பார்த்து வெட்டியான் தொப்பியைக் கழற்றிவிட்டு, "பெட்டி எங்க ஐயா?" என்று கேட்டான். பின்னால் வந்து இறங்கிய நீதிபதியின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவருக்கு உங்களைப் பிடிக்காதுன்னு எப்பவும் சொல்வாரு. இப்பத்தான் காரணம் புரியுது" என்றார்.

அன்றிரவு உணவு மேசையில் உன் அத்தை தீர்ப்பு வழங்கினாள். மேல்முறையீடு இல்லை. சந்தியாகப்பர் திருவிழாவுக்குக் கோயில் மேசையில் அவளுடைய தெம்பிளேக்கே வரிசையாக நிற்கும். கொண்டுபோகும் வழியில் அவற்றில் ஒன்று சாய்ந்தாலும் வண்டி அவள் சித்தி மகள் கார்மினின் கணவனுக்குப் போய்விடும். அந்த ஆள் வெகுகாலமாக அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பது உனக்குத் தெரியும். வாங்கி என்ன செய்யப்போகிறான் தெரியுமா? எஞ்சினை இறக்கிவிட்டு, ஆட்டோமேட்டிக் கியர் போட்டு, கதவுகளில் ஊதா நிறம் அடிக்கப்போகிறானாம். நானும் நீயும் அந்தக் கோடை முழுக்கக் கொட்டகையில் படுத்துக் கிடந்து, கைகளைச் சுட்டுக்கொண்டு பூட்டிய வண்டி. நான் இரண்டாவது தட்டுச் சோற்றை மறுத்துவிட்டேன். உன் அத்தை அப்போதுதான் கொஞ்சம் கவலைப்பட்டாள். ஆனால் தீர்ப்பை மாற்றவில்லை.

பெரிய நத்தை ஏன் இப்படித் தூங்குகிறது என்பதற்கு விடை கோயிலில் கிடைத்தது. பக்தியால் அல்ல. திருவிழாவுக்காக முன்வாசல் படிகளுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்ததால், வாரநாள் பூசைக்கு வந்த சிலரை ஒடுக்கமான பக்கக் கதவு வழியாக அனுப்பினார்கள். பாதிரியார் வழக்கம்போல் காணிக்கைக் கூடையோடு வாசலில் நின்றார். முன்வாசலில் இதே ஆட்கள் கதை பேசியபடி உலவிப் போவார்கள், அவர் மேல் ஒருவர் தோளும் படாது, சிலைபோல் நிற்பார். பக்கக் கதவில் எல்லோரும் நெருக்கியடித்து விரைந்ததில், ஒவ்வொருவர் தோளும் இடித்து, மனிதர் கூடையோடு பம்பரமாகச் சுழன்றார். நான் முழந்தாளிட்டிருந்த இடத்திலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். ஆட்கள்தான் புகை, கதவுதான் நத்தை, பாதிரியார்தான் உள்ளே இருக்கும் சக்கரம். கொஞ்சம் ஆட்கள், ஒடுக்கமான கதவு: பாதிரியார் சுழல்கிறார். கொஞ்சம் ஆட்கள், அகலமான கதவு: நிற்கிறார். திருவிழாக் கூட்டத்தைப் பக்கக் கதவில் விட்டால் பீடம்வரை நெரிசல், அதற்கு முன்வாசல்தான் வேண்டும். நாம் ஆண்டு முழுக்க வாரநாள் பூசைக்குத்தான் வண்டி ஓட்டுகிறோம். நத்தையை மட்டும் திருவிழாவுக்கு வாங்குகிறோம்.

நேரே சேயோவிடம் போனேன். கேட்டுவிட்டு அவன் நெற்றியைச் சொறிந்தான். "அப்படிப் பாத்தா, ஐயா, நடுவுல அறுபத்துமூணுன்னு ஒண்ணு இருக்கு. இதுவும் இல்லாம அதுவும் இல்லாம."

"அது வேணாம்," என்றான் மோன்சோ. "இந்தத் தீவே தனி நாடும் இல்லாம மாநிலமும் இல்லாம நடுவுல தொங்குது. வண்டியாவது ஒரு பக்கம் நிக்கட்டும்."

அரசியல் காரணங்களுக்காக அறுபத்துமூன்று நிராகரிக்கப்பட்டது. பழைய நாற்பத்தெட்டைத்தான் திரும்பப் போட வேண்டும், அதில் டோமினோ மேசையின் சாம்பல் நிறைந்திருந்தது. மோன்சோ விடமாட்டேன் என்றான். கடைசியில் உன் எண்பத்திரண்டைப் பதிலுக்குக் கொடுத்தேன். அது மேசைக்கு இன்னும் பொருத்தமாக இருக்கிறது என்றும், சாம்பல் போட்டால் எவ்வளவு நேரம் கழித்துக் கீழே விழும் என்று பார்க்கிறோம் என்றும் சொன்னார்கள். ஆகவே உன் அன்பளிப்பைத் திருப்பி அனுப்புவதற்கில்லை.

திருவிழா நாள். பின் இருக்கை முழுக்கத் தெம்பிளேக்கே, உன் அத்தை மடியில் ஒன்று, என் முதுகில் வியர்வை. சிவப்புப் பலகையில் நின்றேன். வாசலில் டோமினோ நின்றது. மோன்சோ கட்டையைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றான். மிதித்தேன். மிதித்த கணமே சின்ன நத்தை மெல்லச் சீட்டியடித்தது, வண்டி யாரோ முதுகில் உள்ளங்கை வைத்துத் தள்ளுவதுபோல் ஏற்றத்தில் ஏறிற்று. பின்னால் ஒன்றும் சாயவில்லை. கோயில் முகப்பில் பாதிரியார் எங்களைக் கண்டதும் பழக்கதோஷத்தில் அங்கியைத் தூக்கிக்கொண்டு குதித்தார். அவசியமே இல்லாமல். உன் அத்தை தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாததை எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு இப்போதுதான் கேட்கிறேன். கார்மினின் கணவன் ஊதா டப்பாவைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டதாகக் கேள்வி.

ஆகவே, அப்தியேல், சாலையில் ஓட்டுகிறவன் தான் போகிற வேகத்துக்கு நத்தை வாங்க வேண்டும், தான் பீற்றிக்கொள்ளும் வேகத்துக்கு அல்ல. இதை உன் நண்பர்களிடமும் சொல். பெரிய நத்தை இந்த வீட்டு வாசலை இனி மிதிக்காது. எழுத்துபூர்வமாகத் தருகிறேன். உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. அடுத்த முறை பேசும்போது முதல் சொல்லாக ஆசி கேள், நிறுத்தி வைத்ததை அப்போது தருகிறேன்.

இப்படிக்கு,
உன் மாமா
காசிமிரோ

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. உன் அத்தை தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு பெருஞ்சாலையில் காயேய்க்குப் போனாள். ஏற்றத்தில் சின்ன நத்தைக்கு மூச்சு முட்ட, கார்மின் தங்கள் புது வண்டியில் முந்திப் போயிருக்கிறாள். முந்தினாள் என்பதல்ல, ஜன்னலை இறக்கிக் கையசைத்தாளாம். உன் அத்தை வீட்டுக்கு வந்து கைப்பையை மேசையில் வைத்தாள். "கிழவா, அந்தப் பெரிய நத்தை எங்க?" என்றாள். "தெம்பிளேக்கே?" என்றேன். "அதை இனிமே கார்மின் கொண்டு வரட்டும். அவதான் பதமா ஓட்டறாளே." அவளே போய்ச் சாம்பலை மோன்சோவின் மடியில் கொட்டிவிட்டு எண்பத்திரண்டைத் தூக்கி வந்தாள். சேயோ பூட்டிக்கொண்டிருக்கிறான், கேஸ்கட் கருகிவிட்டது, உடனே ஒன்று அனுப்பு. கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும், கேட்காமலே தருகிறேன். எண்பத்திரண்டுக்கு மேலே ஏதாவது இருக்கிறதா என்று அத்தை கேட்கச் சொன்னாள்.