உன் அக்கா தூங்கிப் படித்த படிப்பு

கடைத்தெரு,
செஞ்சி.

சென்னையில் உளவியல் பேராசிரியராக உயர்ந்து, ஊரார் மூளையை எல்லாம் ஆராய்ந்துகொண்டிருக்கும் மச்சான் இளமாறனுக்கு, சாக்கும் கயிறும் விற்கும் உன் மாமா ரங்கநாதன் எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் நலம். உன் அக்கா செந்தாமரை அதிக நலம், ஏனென்றால் தூங்கிக்கொண்டிருக்கிறாள். உனக்கும் குறைவிருக்காது, அறிவுரை சொன்னவனுக்கு என்ன குறை. போனில் பிடித்தால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறாய், ஆகவே கடிதம்.

உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியதிலிருந்து நம் செஞ்சிக் கோட்டைக்குக் கூட்டம் வருவது உனக்குத் தெரியும். வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்ட ஒரு பயண நிறுவனம் ஆள் தேடியது, ஒரே ஓர் ஆள். கடையில் வியாபாரம் படுத்துவிட்டது. எனக்கு அந்த வேலை வேண்டும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். உன் அக்காவும் துணைக்கு மனுப் போட்டாள். தேர்வுக்கென்று அவர்கள் கொடுத்த கோட்டை வரலாற்றுப் புத்தகத்தை நான் முறையாகப் படித்தேன்: தூக்கம் விட்டு, உரக்க, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, மஞ்சள் மை பூசிப் பூசி. இப்போது மஞ்சள் இல்லாத வரியே அதில் கிடையாது. உன் அக்காவோ உன்னிடம் யோசனை கேட்டாள். "திரும்பத் திரும்பப் படிக்காதக்கா, மூடி வெச்சிட்டு உன்னையே கேட்டுக்கோ, நல்லா தூங்கு, தூங்குனாதான் மனசுல நிக்கும்" என்று நீ திருவாய் மலர்ந்தருளினாய். தூங்கினால் படிப்பு நிற்கும் என்றால் எங்கள் கடைப் பூனை இந்நேரம் கலெக்டர் ஆகியிருக்க வேண்டும்.

அன்றிலிருந்து பிடித்தது சனி. ஒரு பக்கம் படிப்பாள், புத்தகத்தை மூடுவாள், எதிரே யார் வந்தாலும் ஒப்பிப்பாள். அனந்தபுரத்திலிருந்து ஒருவர் மாட்டுக்குக் கயிறு வாங்க வந்தார். "கோட்டையில கல்யாண மகாலுக்குத் தண்ணி எப்படிப் போச்சு, சொல்லுங்க பாக்கலாம்" என்றாள். "எனக்கு இன்னாம்மா தெரியும், மாடு அவுத்துக்கினு நிக்குது, கயித்தக் குடு" என்றார் அவர். "இருங்க, எனக்கே ஞாபகம் வரணும், புத்தகத்தப் பாத்தா கெட்டுப்பூடும்" என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். ஞாபகம் வந்தது, மாடு போய்விட்டது. பக்கத்துத் தையல்கடை ரியாசுதீன் இப்போதெல்லாம் எங்கள் கடையைத் தாண்டும்போது போன் பேசுவதுபோல் காதில் கை வைத்துக்கொண்டு போகிறார். மத்தியானமானால் சாக்குக் கட்டின் மேல் சாய்ந்து தூக்கம். எழுப்பினால், "படிச்சது உள்ள எறங்கினு இருக்குது, சும்மா இரு" என்கிறாள்.

நேற்று கோட்டையில் தேர்வு. அந்த நிறுவனத்தின் மதுமதி என்கிற அதிகாரி அம்மா களஞ்சியத்தின் முன்னால் நிறுத்தி, "இதுல என்ன வெச்சிருந்தாங்க சார்?" என்று கேட்டார். நான் முறைப்படி புத்தகத்தின் முதல் வரியிலிருந்து தொடங்கினேன். பாதியில் அவர் குறுக்கிட்டதால் மறுபடி முதலிலிருந்து வரவேண்டியதாயிற்று. அப்புறமும் குறுக்கிட்டார். விடிய விடியப் படித்த அசதியில் சுவரில் லேசாகச் சாய்ந்தேன். கண் திறந்தபோது அவர்கள் குதிரை லாயத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். அதே கேள்விக்கு உன் அக்கா என்ன சொன்னாள் தெரியுமா? "நெல்லுங்க." ஒரே சொல். நெல் மூட்டைக்குச் சாக்கு விற்கிற எனக்கு அது தெரியாதா? தெரியும், ஆனால் அது புத்தகத்தின் நடுவில் அல்லவா வருகிறது. தெரியாத கேள்விக்கு, "விசாரிச்சு சொல்றேங்க" என்று சிரித்தாளாம். இப்படிப்பட்டவளை யார் எடுப்பார்கள்? வேலை எனக்குத்தான். முடிவு தெரிந்து அவள் மனம் உடையும்போது, கெடுத்தவன் நீயே வந்து தேற்ற வேண்டும்.

கமலக்கண்ணியம்மன் அருளால் நீயும், உன் குடும்பமும், வகுப்பிலேயே தூங்கிப் பாடம் கற்கும் உன் மாணவச் செல்வங்களும் நீடூழி வாழ்க.

உன் மாமா,
ரங்கநாதன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் போன் வந்தது. உன் அக்காவை எடுத்துவிட்டார்கள். கூட்டம் தாங்கவில்லை, அடுத்த மாதம் இன்னோர் ஆளும் வேண்டுமாம். அவளுக்குச் சொன்னதை எனக்கும் ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பு. போனில் வேண்டாம், அவள் காதில் விழும். அவளிடம் இன்னும் செய்தியைச் சொல்லவில்லை, தூங்குகிறாள். வருகிறவர்களை மெதுவாகப் பேசச் சொல்லிக்கொண்டு வாசலில் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன்.