மெதோருக்கு அனுமதி இல்லை

புதுச்சேரியில் இதுவரை பிறந்த நாய்கள் அத்தனையையும் வரிசையில் நிறுத்திப் பார்த்தாலும், செத்த பிறகும் மாதக்கணக்கில் வாக்கிங் வந்த நாய் ஒன்றுதான் தேறும். அதைக் கூட்டிக்கொண்டு வந்த மனிதரும் ஒருவர்தான். அவரை நாங்கள் சொல்தா என்போம்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு திரும்பியவர்கள் எல்லோருமே எங்கள் ஊரில் சொல்தாக்கள்தான். மூலக்குளத்தில் எங்கள் பூங்காவைச் சுற்றியே மூன்று பேர் இருந்தார்கள். ஆனால் சொல்தா என்று சும்மா சொன்னால் அது இவர்தான். எண்பதை நெருங்கும் வயதிலும் முதுகு வளையாது. இஸ்திரி போட்ட அரைக்கால் சட்டை, முழங்கால் வரை இழுத்துவிட்ட காலுறை. நேரில் பார்த்தால் எல்லோரும் ஐயா என்பதற்குப் பதிலாகப் பிரெஞ்சில் “முசே” என்போம். அவர் தலையை ஓர் அங்குலம் அசைப்பார். அதற்கு மேல் அசைத்து நான் பார்த்ததில்லை.

அவருடைய நாயின் பெயர் மெதோர். கறுப்பு. அதன் முன்னோர்களில் ஓர் அல்சேஷனும் ஒரு கன்றுக்குட்டியும் இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிரெஞ்சு மட்டும்தான் புரியும். தமிழில் “சீ, போ” என்று நாங்கள் கத்தினால், வெளியூர்க்காரனிடம் வழி கேட்டவன் போலத் தலையைச் சாய்த்து எங்களையே பார்க்கும். “அஸ்ஸி” என்று சொல்தா மெல்லச் சொன்னால் போதும், அப்படியே உட்கார்ந்துவிடும்.

எனக்கு நாய் என்றால் சிறுவயது முதலே ஆகாது. கோயிலில் பைரவர் சன்னதிக்குப் போனாலும் வாகனத்தைப் பார்க்காமல் சாமியை மட்டும் கும்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். அப்படிப்பட்ட நான் எங்கள் பூங்காவின் நடைப்பயிற்சியாளர் சங்கத்துக்குச் செயலாளர். சங்கத்தில் இரண்டு கட்சி. நாய் வளர்ப்பவர்கள் ஒரு கட்சி, அது போட்டுவிட்டுப் போனதை மிதிப்பவர்கள் ஒரு கட்சி. மிதிப்பவர்கள்தான் அதிகம். ஆனால் தலைவர் வளர்ப்பவர் கட்சி. ஓய்வுபெற்ற என்ஜினியர். அவர் பொமரேனியனுக்குப் பிங்கி என்று பெயர்.

ஒருநாள் காலை ஆறு மணி இருக்கும். சொல்தா குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். மெதோர் என்னைப் பார்த்தது. என்ன தோன்றியதோ, வாரையும் இழுத்துக்கொண்டு என்னை நோக்கி ஓடிவந்தது. எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. குழந்தைகள் சறுக்கி இறங்கும் சறுக்குமரத்தில் நான் கீழிருந்து மேலே ஏறினேன். உச்சியிலிருந்து அந்தப் பக்கம் குதித்தேன். அங்கே முள்கம்பி வேலி. பேண்ட்டோடு சேர்த்துக் கெண்டைக்காலில் ஒரு ஜாண் நீளத்துக்குக் கிழித்துவிட்டது.

மெதோர் வந்தது. எனக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்தது. வாலை ஆட்டியது. அவ்வளவுதான் அது செய்தது.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. காலில் ரத்தம். சங்கத்தின் செயலாளர் சறுக்குமரத்தடியில் விழுந்து கிடக்கிறார். “என்னா சார் ஆச்சு?” என்று நாலு பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சறுக்குமரத்தை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

“கடிச்சிடுச்சு” என்றேன்.

அந்த ஒரு சொல்லுக்காக கோரிமேடு பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஐந்து ஊசி. முதல் ஊசியின்போது பொய் சொல்கிறோம் என்று உறுத்தியது. மூன்றாவது ஊசிக்குள் நாயின் பல் எந்தக் கோணத்தில் இறங்கியது என்று பக்கத்து பெஞ்சில் இருந்தவருக்கு விளக்க ஆரம்பித்துவிட்டேன். என் மனைவி சேதராப்பட்டு அத்தை வரைக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். இனி எந்த முகத்தோடு பின்வாங்குவது?

சங்கம் கூடியது. நாய்களே கூடாது என்று போர்டு வைக்க வேண்டும் என்றது மிதிப்பவர் கட்சி. தலைவர் பிங்கியை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். கடைசியில் எல்லோர் மனமும் கோணாமல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். உலகத்தில் வேறெந்தப் பூங்காவிலும் அப்படி ஒரு போர்டு இருந்திருக்காது. “மனிதரைக் கடித்த காரணத்தால் மெதோர் என்னும் நாய்க்கு உள்ளே அனுமதி இல்லை.” கீழே என் கையெழுத்து.

சொல்தா போர்டை இரண்டு முறை படித்தார். மறுநாளிலிருந்து மெதோரை வாசல் கேட் கம்பியில் கட்டுவார், “அஸ்ஸி” என்பார், உள்ளே வந்து நான்கு சுற்று நடப்பார், அவிழ்த்துக்கொண்டு போவார். நாய் அத்தனை நேரமும் உட்கார்ந்தபடி, நடக்கிற ஒவ்வொருவரையும் பார்க்கும். என்னைக் கொஞ்சம் அதிகமாகப் பார்க்கும்.

அந்தச் சித்திரையில் மெதோர் செத்துப்போனது. வயதாகிவிட்டது என்றார்கள். இரண்டு நாள் சொல்தா வரவில்லை. மூன்றாம் நாள் காலை ஐந்தே முக்காலுக்கு வந்தார். கையில் வார். வாரின் முனையில் கழுத்துப்பட்டை. கழுத்து இல்லை.

கேட் கம்பியில் வாரைக் கட்டினார். “அஸ்ஸி” என்றார். உள்ளே போய் நடக்க ஆரம்பித்தார்.

வாட்ச்மேன் ஆறுமுகம் என்னிடம் ஓடிவந்தார். “சார், முசேவுக்கு இன்னா சார் ஆச்சு? வெறும் பட்டையக் கட்டிட்டுப் போறாரு!”

நான் போய்க் கேட்டேன். “முசே, மெதோர்தான் இல்லையே?”

அவர் போர்டைக் காட்டினார். “பேர் போட்டு எழுதியிருக்குதே, தம்பி. இல்லாத நாய்க்கு எவனாவது போர்டு வெப்பானா?”

“அது வந்து... பழைய போர்டு முசே.”

“பென்ஷன் ஆபீஸ்ல வருஷா வருஷம் நானே காகிதம் எழுதிக் குடுத்தாத்தான் உயிரோட இருக்கறதா ஒத்துக்கறாங்க. நேர்ல போய் நின்னாக்கூட காகிதத்தைத்தான் பாக்கறாங்க. காகிதத்துல இருந்தா இருக்குது. அவ்வளவுதான்.”

கிழவருக்குத் துக்கத்தில் புத்தி கொஞ்சம் நகர்ந்துவிட்டது என்று நாங்களே தீர்ப்பு எழுதிக்கொண்டோம்.

பிறகுதான் ஒவ்வொன்றாகக் கவனித்தோம். முதலில் அந்தக் கழுத்துப்பட்டை. கட்டிவிட்டுப் போனால் அது தரையில்தானே கிடக்க வேண்டும்? கிடக்கவில்லை. முழங்கால் உயரத்தில் நின்றது. தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆராய்ந்தார். “பழைய தோலு. விறைச்சுப் போயிருக்கும்” என்றார். என்ஜினியர் சொன்னால் சரிதான் என்று நடந்தோம். ஆனால் சொல்தா நடந்து முடித்து அவிழ்த்ததும் அதே தோல் அவர் கையில் துவண்டு தொங்கியது. அதைத் தலைவரும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

டீக்கடை முனையில் ஆறு தெரு நாய்கள் உண்டு. சைக்கிளில் போகிறவனை மூலக்குளத்திலிருந்து வில்லியனூர் வரைக்கும் துரத்தும் ஜாதி. அவை காலையில் பூங்காவுக்கு எதிரே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வரைக்கும் வந்து, அதற்கு மேல் வராமல் வரிசையாக உட்கார்ந்தன. குரைப்பில்லை. ஆறும் கேட் கம்பியையே பார்த்தன.

ஆறுமுகம் நாற்காலியைக் கேட்டிலிருந்து பத்தடி தள்ளிப் போட்டுக்கொண்டார். கம்பியடியில் ஒரு அலுமினியக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருந்தார்.

“எதுக்கு ஆறுமுகம் இது?”

“தெரியல சார். வெச்சா கொறையுது.”

“காக்கா குடிச்சிருக்கும்.”

“காக்கா அந்தப் பக்கமே வர்றதில்ல சார்.”

வாசல் ஒன்றுதான், அந்தக் கம்பியைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போதெல்லாம் கெண்டைக்காலில், சரியாக அந்தத் தழும்பின் மேல், சூடாக ஈரமாக ஒரு மூச்சு படும். சத்தியமாகச் சொல்கிறேன். பேண்ட்டுக்குள் முழங்கால் வரை காலுறை போட்டுப் பார்த்தேன். அப்போதும் பட்டது. பிங்கியோ அங்கே வந்ததும் மல்லாந்து படுத்துக்கொண்டு வயிற்றைக் காட்டும். தலைவர் அதை அள்ளி எடுத்துக்கொண்டு வேகமாக உள்ளே போவார்.

தலைவரால் ஒரு மாதத்துக்கு மேல் தாங்க முடியவில்லை. சொல்தாவைக் கூப்பிட்டார். “முசே, நாய் போய்ச்சேந்துடுச்சு. போர்டைக் கழட்டிடறோம். விட்டுடுங்க.”

“எந்தக் காரணத்துக்காகக் கழட்டுவீங்க?”

“அதான் செத்துப்போச்சே?”

“அந்தக் காரணத்துக்குக் கழட்டக் கூடாது. கடிக்கலன்னு எழுதிட்டுக் கழட்டணும். பன்னெண்டு வருஷம் என்கூட இருந்தது. கடிச்ச நாய்ன்னு பேரு வாங்கிட்டுப் போகக் கூடாது.”

“கடிபட்டவர் சொல்லணுமே, முசே” என்றார் தலைவர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொல்தா மட்டும் பார்க்கவில்லை. ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“கடிச்ச மாதிரிதான் இருந்துச்சு” என்றேன்.

அவர் தலையை ஓர் அங்குலம் அசைத்துவிட்டு நடக்கப் போய்விட்டார். அந்த வாரத்தில் எனக்கு இரண்டு கிலோ எடை குறைந்தது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலை நாங்கள் இருபது பேர் வாசலை ஒட்டிய தகரக் கொட்டகையில் ஒதுங்கி நின்றோம். அந்தக் கொட்டும் மழையிலும் சொல்தா வந்தார். மழைக்கோட்டு, கையில் வார். நடையில் லேசான தள்ளாட்டம், விடாத இருமல். கம்பியில் கட்டினார், சொல்ல வேண்டியதைச் சொன்னார், மழையில் நடக்க இறங்கினார்.

“இந்த மழையில போனா கெழவர் செத்துடுவாரு” என்றார் தலைவர்.

நான் கேட் பக்கம் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. பட்டை முழங்கால் உயரத்தில் நின்றது. அதன் கீழே சிமென்ட் தரையில் ஓர் இடம் மட்டும் நனையவில்லை. சுற்றிலும் தண்ணீர் தெறித்து ஓடுகிறது. நடுவில், ஒரு பெரிய நாய் உட்காரும் அளவுக்கு, வெள்ளையாகக் காய்ந்த தரை. மேலே கூரை கிடையாது, மரம் கிடையாது.

ஆறுமுகமும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சொல்தா இரண்டாவது சுற்றில் இருமிக்கொண்டே எங்களைக் கடந்தார். என் வாய் தானாகத் திறந்தது.

“அது என்னைக் கடிக்கல! நான் சறுக்குமரத்துல ஏறிக் குதிச்சேன். கம்பி கிழிச்சிடுச்சு. அது சும்மா உக்காந்து வாலை ஆட்டிச்சு!”

தலைவர் என் காலைப் பார்த்தார். “அப்ப அந்த அஞ்சு ஊசி?”

“போட்டுக்கிட்டதுதான் சார்.”

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சொல்தா சிரிக்கவில்லை. கொட்டகைக்குள் வந்து மழைக்கோட்டின் உள்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, மற்றவர்கள் பார்க்காதபடி என் உள்ளங்கையில் வைத்தார். உள்ளே ஒரு துண்டுத் துணி. என் சாம்பல் நிற பேண்ட்டுடையது. முள்கம்பியில் மாட்டியிருந்ததை அன்றைக்கே எடுத்து வைத்திருக்கிறார்.

“முசே, இதைக் காட்டியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்குமே?”

“முடிஞ்சிருக்கும். நீ பொய்யனா ஆயிருப்ப. நாளைக்கும் இவங்ககூடத்தான் நீ நடக்கணும்” என்றார். “நீயே சொல்லுவேன்னு இருந்தேன். கொஞ்சம் லேட் பண்ணிட்ட.”

“மன்னிச்சுக்குங்க முசே.”

“எங்கிட்ட எதுக்கு?”

அவர் கண் கேட் பக்கம் போனது. இருபது பேர் பார்க்க, நான் மழையில் இறங்கிப் போனேன். நாயிடம் இரண்டடி தள்ளி நின்று என் வாழ்நாளில் பேசியதில்லை. அன்றைக்கு நின்றேன். “மெதோர், தப்பு எம்மேலதான். மன்னிச்சுக்க” என்றேன்.

பிரெஞ்சு தவிர வேறொன்றும் புரியாத நாய். என்ன செய்வதென்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்து நின்ற சொல்தா ஒரு வரி சொன்னார். நான் சொன்னதைத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

வார் தளர்ந்தது. பட்டை சின்னச் சத்தத்தோடு தரையில் விழுந்தது. காய்ந்திருந்த இடத்தில் மழை விழ ஆரம்பித்தது.

சொல்தா வாரைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டார். “மெர்சி, தம்பி” என்று நன்றி சொன்னார். போர்டை அவரே ஸ்பானர் கொண்டுவந்து கழற்றினார். சங்கத்தின் நோட்டில் “கடிக்கவில்லை” என்று எழுதி நான் கையெழுத்துப் போட்டேன். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று அவர் படித்துப் பார்த்தார். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்தேதான் நான்கு சுற்று நடப்போம். அதிகம் பேச மாட்டார். எனக்கு அது பிடித்திருந்தது.

போன தையில் சொல்தா போய்விட்டார். அவர் பெயர் என்னவென்றே அஞ்சலி போஸ்டரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் ஒரு பிடி மண் போட்டோம், சாமியார் ஜெபம் முடித்தார், கூட்டம் கலைந்தது. நான் கடைசி ஆள். வெளியே வரும்போது கதவில் எழுதியிருந்தது: “நாய்கள் வருவதால் கதவைச் சாத்திவிட்டுச் செல்லவும்.”

கொஞ்ச நேரம் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். காலில் அந்தச் சூடான மூச்சு ஒருமுறை பட்டு உள்ளே போனது. பிறகுதான் சாத்தினேன்.