காவேரிப்பட்டினத்தில் ஐம்பது நிமிடம்

பல்பொருள் ஆய்வுத் துறையின் ஒசூர் அலுவலகத்துக்கு மின்சாரக் கார் ஒதுக்கப்பட்டது, அந்த அலுவலகம் அதைக் கேட்காததால். கேட்ட அலுவலகங்களின் விண்ணப்பங்களில் குறைகள் இருந்தன. விண்ணப்பிக்காதவர்களிடம் எந்தக் குறையும் காண முடியவில்லை.

காரை ஓட்டப் பயிற்சி பெற்றவர் மாதேஷ் ஒருவர்தான். பதினோரு வருடமாகத் தற்காலிக ஓட்டுநர். வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் கிருஷ்ணகிரியில் அவருக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. போனால் வேலை நிரந்தரம். போகாவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். அதே வாரம் புதனன்று சேலத்தில் ஒரு பயிற்சி முகாம்: ‘மின்வாகனத்தில் நெடும்பயணம் – திட்டமிடலும் தெளிவும்’. உதவி இயக்குநர் கிருஷ்ணப்பன் கலந்துகொள்ள வேண்டும். வியாழன் மதியத்துக்குள் திரும்பிவிடலாம் என்று மாதேஷுக்கு உறுதி சொல்லப்பட்டது.

பயணத் திட்டத்தைக் கண்காணிப்பாளர் ஜெயமணி தயாரித்தார். இருபத்தாறு வருடத்தில் ஒரு தணிக்கைக் குறிப்பும் வாங்காத மனிதர். திட்டத்துக்கு ஒன்பது நகல்கள் தேவைப்பட்டன. அலுவலகத்தில் பெரிய பிளக் ஒன்றே ஒன்று என்பதால், காரைக் கழற்றிவிட்டு ஜெராக்ஸ் மிஷினைச் செருகினார்கள். ஆகவே கார் நாற்பது சதவீதச் சார்ஜோடு கிளம்பும். காவேரிப்பட்டினத்தில் ஐம்பது நிமிடம் நின்று முழுதாக ஏற்றிக்கொள்ளும். அதை வைத்துச் சேலம் போய்த் திரும்பி, மறுபடி காவேரிப்பட்டினத்தில் ஏற்றிக்கொள்ளும் என்றது திட்டம். திட்டத்தில் இல்லாத இடத்தில் சார்ஜ் போடுவது அனுமதியற்ற செயல் என்றும் அதில் கண்டிருந்தது.

ஒரு சிக்கல் இருந்தது. அரசு வாகனம் வழியில் இருபது நிமிடத்துக்கு மேல் நின்றால், அங்கே என்ன அரசுப்பணி நடந்தது என்று குறிப்பேட்டில் எழுத வேண்டும். சார்ஜ் போடுவதையே பணியாகக் கொள்ளலாமா என்று மேலிடத்தைக் கேட்டார்கள். சார்ஜ் ஏறுவது வாகனத்தின் பணி, அலுவலரின் பணி அன்று என்று பதில் வந்தது.

“அப்ப நீங்க அங்க ஒரு ஆய்வு பண்ணிடுங்க சார்,” என்றார் ஜெயமணி.

“எதை?” என்றார் கிருஷ்ணப்பன்.

“கண்ணுக்கு முன்னால இருக்கறதை.”

செவ்வாய்க்கிழமை காவேரிப்பட்டினத்தில் கண்ணுக்கு முன்னால் இருந்தது சார்ஜ் மிஷின்தான். அதை நடத்திவந்த வெள்ளையம்மா பக்கத்திலேயே டிபன் கடையும் வைத்திருந்தார். காருக்குச் சார்ஜ் ஏறுகிற வரைக்கும் தோசை சாப்பிடச் சொன்னார். கிருஷ்ணப்பன் சாப்பிட்டார், நன்றாக இருந்தது என்றும் சொன்னார். பிறகு ஆய்வு செய்தார். குறை இல்லாத ஆய்வைத் தணிக்கையில் ஆய்வென்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று கூடவே வந்திருந்த ஜெயமணி நினைவூட்டினார். நாற்பத்தைந்தாவது நிமிடத்தில் குறை கிடைத்தது. தீயணைக்க மணல் வாளி இல்லை.

“மணல்தானுங்க சார், இப்பவே கொண்டாந்து வெக்கறேன்,” என்றார் வெள்ளையம்மா.

இப்பவே வைத்தால் குறை இல்லாமல் போய்விடும், குறை இல்லாவிட்டால் ஆய்வு இல்லாமல் போய்விடும் என்று அவருக்கு விளக்கப்பட்டது. காருக்கு இன்னும் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்ததால், மிஷின் மறுநாள் காலை ஆறு மணியிலிருந்து மூடப்பட வேண்டும். சீல் தாளை வெள்ளையம்மாவே ஒட்டி வாட்ஸ்அப்பில் படம் அனுப்ப வேண்டும். ஏழு வேலை நாள் கழித்து மறு ஆய்வு.

மாதேஷ் கார் கதவைப் பிடித்தபடி கேட்டார். “சார், வியாழக்கெழம இங்கதான சார்ஜ் போடணும்?”

“அது திரும்பற பயணம்,” என்றார் ஜெயமணி. “அதுக்குத் தனிப் பக்கம் இருக்குது.”

சேலத்தில் சிறந்த பயணத் திட்டத்துக்கான சான்றிதழ் ஒசூர் அலுவலகத்துக்குக் கிடைத்தது.

வியாழன் பிற்பகல் இரண்டு மணிக்கு, ஏசியை அணைத்து லாரிகளுக்குப் பின்னாலேயே ஊர்ந்து வந்த கார், ஒரு சதவீதத்தோடு காவேரிப்பட்டினத்தில் நின்றது. மிஷினில் சீல் கோணல் இல்லாமல் ஒட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் நான்கு மணல் வாளிகள்.

கிருஷ்ணகிரிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பஸ்கள் போய்க்கொண்டே இருந்தன. ஆனால் ஓட்டுநர் அரசு வாகனத்தை வழியில் விட்டுவிட்டுப் போகக் கூடாது.

“ஒரு கையெழுத்துப் போட்டு மிஷினத் தொறந்து விடுங்க சார்,” என்றார் மாதேஷ். “பதினோரு வருசம் சார்.”

கிருஷ்ணப்பனுக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. இப்போது திறந்தால் செவ்வாய்க்கிழமை மூடச் சொன்னது தவறாகும், அது தவறானால் அன்றைக்கு ஐம்பது நிமிடம் பணியின்றி நின்றதாகும் என்று ஜெயமணி எடுத்துச் சொன்னதும் கண் தெளிந்தது.

அதற்குள் பதினெட்டு நிமிடம் ஆகியிருந்தது. ஜெயமணி குறிப்பேட்டை நீட்டினார். மீண்டும் ஆய்வு நடந்தது. மூடப்பட்ட மிஷினுக்கு முன்னால் தகுந்த காரணமின்றி ஒரு கார் நிற்பது கண்டறியப்பட்டது. கிருஷ்ணப்பன் அதன் முன்கண்ணாடியில் சீல் ஒட்டினார்.

மாதேஷ் சீலைத் தொட்டுப் பார்த்தார்.

“சீல் வெச்ச வண்டிக்கு டிரைவர் எதுக்குங்க சார்?”

ஜெயமணி எல்லா விதிகளையும் மனதுக்குள் புரட்டிப் பார்த்தார். சீல் வைத்த வண்டிக்கு ஓட்டுநர் வேண்டும் என்று எதிலும் இல்லை.

மாதேஷ் ஓடிப்போய்ப் பஸ்ஸைப் பிடித்தார். மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கிருஷ்ணகிரி சேர்ந்தார். நிரந்தரமானார்.

மூன்று மாதம் ஆகிறது. மறு ஆய்வுக்குக் கிருஷ்ணப்பன் தயார்தான். ஆனால் அலுவலக வாகனத்தில்தான் வர வேண்டும். அலுவலக வாகனம் காவேரிப்பட்டினத்தில் சீலோடு நிற்கிறது. சீல் வைத்த அரசு உடைமைக்கு நிரந்தரப் பணியாளர் ஒருவர் காவல் இருக்க வேண்டும் என்பதால், மாதேஷை அங்கேயே பணியமர்த்தினார்கள். வெள்ளையம்மா தினமும் அவருக்குத் தோசை கொடுக்கிறார்.

போன வாரம் வெள்ளையம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டார். “நீயும் இவங்ககிட்ட கஷ்டப்பட்டவன்தானப்பா. அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டா யாரு கேக்கப் போறாங்க?”

மாதேஷ் தோசையை முடித்துக் கை கழுவினார். தானும் அங்கே இருபது நிமிடத்துக்கு மேல் நின்றுவிட்டது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கடைக்குள் போய்த் தன் குறிப்பேட்டை எடுத்துவந்தார்.

“வாளி நாலு இருக்குதேக்கா,” என்றார். “மூணுக்குத்தான் அனுமதி.”